ஸ்டைரீனைக் கரைப்பானில் பாலிமராக்குவது: டொலுயீன் ஊற்றுவது முதல் மெத்தனாலில் வீழ்த்துவது வரை

கோவை, ஈரோடு, பெருந்துறை வட்டாரத்தில் வேதியியல் முதுகலை புராஜெக்ட் செய்பவர்களுக்கும், பெயின்ட், ரெசின் ஆலைகளின் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இந்த வழிகாட்டி. 25 மி.லி. ஸ்டைரீனை டொலுயீனில் பாலிமராக்கி, வெள்ளைத் தூளாகப் பிரித்து, மூலக்கூறு எடையை அளப்பது வரை இதில் உண்டு. குடுவைக்குள் நடக்கும் தவறுகள் குறைவு. குடுவையை அடுப்பில் ஏற்றும் முன்பே, கரைப்பான் எதற்கு என்று யோசிக்காமல் விடுவதில்தான் பெரும்பாலானவை தொடங்குகின்றன.

1. கரைப்பானுக்கு என்ன வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஸ்டைரீனும் பாலிஸ்டைரீனும் ஒன்றிலொன்று கரையும். அப்படியிருக்க டொலுயீன் எதற்கு? முதல் காரணம் சூடு.

ஸ்டைரீன் பாலிமராகும்போது ஒரு மோலுக்குச் சுமார் 70 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். கிராமுக்கு 670 ஜூலுக்குச் சற்றுக் கூடுதல். கரைப்பானே இல்லாமல் முழு வினையும் ஒரே மூச்சில் நடந்து, வெப்பம் வெளியேற வழியில்லாமல் போனால், கணக்குப்படி வெப்பநிலை 350 டிகிரிக்கு மேல் எகிறும். சம கன அளவு டொலுயீன் சேர்த்தால் அது சுமார் 200 டிகிரி. மூன்று பங்கு சேர்த்தால் சுமார் 100 டிகிரி. இதற்கு மேல் டொலுயீனிடம் இன்னொரு காப்பும் இருக்கிறது. 110 டிகிரியில் கொதித்து, ஆவியாகும் ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 360 ஜூல் வெப்பத்தை எடுத்துப் போய்விடும். கண்டென்சரில் தண்ணீர் ஓடினால்தான் இந்தக் காப்பு வேலை செய்யும். கரண்ட் போய்த் தண்ணீர் மோட்டார் நின்றால் காப்பும் நின்றுவிடும்.

இரண்டாவது பாகுத்தன்மை. பாலிமர் சேரச் சேரக் கலவை தேன்போல் கெட்டியாகும். இரண்டு நீண்ட சங்கிலி முனைகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து அணைவது கடினமாகும். சின்ன மோனோமரோ (இன்னும் சங்கிலியில் சேராத தனி ஸ்டைரீன் மூலக்கூறு) தடையில்லாமல் நகரும். சங்கிலிகள் முடிவது குறைந்து வளர்ச்சி தொடர்வதால் வினை தானாகவே வேகமெடுக்கும். ஜெல் விளைவு என்பது இதுதான். கரைப்பான் கலவையை நீர்த்தே வைத்திருப்பதால் அது தள்ளிப்போகும், பெரும்பாலும் வராமலே போகும்.

மூன்றாவது சங்கிலி நீளம், நான்காவது கடைசியில் பாலிமரைப் பிரித்தெடுப்பது. மூன்றாவதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள்.

2. கரைப்பானைத் தேர்ந்தெடுத்தல்

வளரும் சங்கிலி முனை கரைப்பானிடமிருந்து ஒரு ஹைட்ரஜனையோ குளோரினையோ பறித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடலாம். பிறகு கரைப்பான் முனையிலிருந்து புதுச் சங்கிலி தொடங்கும். இது சங்கிலி மாற்றம். எவ்வளவு எளிதாக நடக்கிறது என்பதைச் சங்கிலி மாற்ற மாறிலி சொல்கிறது. ஸ்டைரீனுக்கு 60 டிகிரியில் சில மதிப்புகள்:

பென்சீன்: சுமார் 0.000002
டொலுயீன்: சுமார் 0.0000125
எத்தில் பென்சீன்: சுமார் 0.00007
கார்பன் டெட்ராகுளோரைடு: சுமார் 0.01

டொலுயீனில் பறிக்க எளிதான ஹைட்ரஜன், வளையத்துக்கு வெளியே தொங்கும் மெத்தில் தொகுதியில் இருக்கிறது. பென்சீனில் அது இல்லாததால் மதிப்பு இன்னும் குறைவு. ஆனால் பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும். இந்த வேலைக்கு அதைத் தொட வேண்டியதில்லை.

இதைச் சங்கிலி நீளமாக மாற்ற மேயோ சமன்பாடு போதும். நீளத்தின் தலைகீழியோடு, மாறிலி × (கரைப்பான் செறிவு ÷ மோனோமர் செறிவு) என்பதைக் கூட்டுங்கள், வருவது புது நீளத்தின் தலைகீழி. கரைப்பான் மாற்றம் இல்லாதபோது 290 அலகு நீளம் வரும் என்று வையுங்கள். பாதிக்குப் பாதி டொலுயீனில் அது 289 ஆகும். எத்தில் பென்சீனில் 285. கார்பன் டெட்ராகுளோரைடில் சுமார் 65.

ஆகவே 300 அலகு அளவில் சங்கிலி வேண்டுமானால் டொலுயீனா எத்தில் பென்சீனா என்று மண்டையை உடைக்க வேண்டாம். 5,000 அலகு வேண்டுமானால் கதை வேறு. டொலுயீன் அதைச் சுமார் 4,700 ஆக்கும், எத்தில் பென்சீன் 3,800 ஆக்கும். வெப்பநிலை ஏறினால் இந்த மாறிலிகளும் ஏறும். 60 டிகிரி எண்ணை 100 டிகிரி வினைக்குப் போட்டுவிடாதீர்கள்.

சங்கிலியைக் குட்டையாக்குவதுதான் நோக்கம் என்றால் கரைப்பானை மாற்றாதீர்கள். கார்பன் டெட்ராகுளோரைடு கல்லீரலுக்கும் ஓசோனுக்கும் கேடு. டோடெசில் மெர்காப்டன் துளியூண்டு போதும். அதன் மாறிலி 15ஐ ஒட்டியது. கீழே உள்ள அளவில் 290ஐ 100 ஆக்க ஏறத்தாழ 20 மி.கி. சேர்த்தால் சரி. மோனோமரைவிட வேகமாக அது தீர்ந்துவிடுவதால், வினையின் பின்பகுதியில் பிறக்கும் சங்கிலிகள் நீண்டுபோகும். சீராக வேண்டுமானால் தவணை தவணையாகச் சேர்க்க வேண்டும்.

கொதிநிலையையும் பாருங்கள். அசிட்டோன் 56 டிகிரியில் கொதிப்பதால் 70 டிகிரி வினைக்கு ஆகாது. பாலிமரை அது நன்றாகக் கரைப்பதும் இல்லை. தெர்மகோலும் பாலிஸ்டைரீன்தான், அதில் ஒரு துண்டை அசிட்டோனில் போட்டால் சுருங்கிப் பிசினாகக் கிடக்கும். டொலுயீனில் போட்டால் தெளிவான கரைசலாகும். நல்ல கரைப்பான் எது என்று கண்ணால் பார்க்க இதைவிட மலிவான சோதனை இல்லை.

3. செறிவைக் கணக்கிட்டு எழுதி வையுங்கள்

"கரைப்பான் இல்லாமல் செய்தேன், பிறகு டொலுயீனில் செய்தேன். டொலுயீனில் மூலக்கூறு எடை குறைந்தது. ஆகவே டொலுயீன் சங்கிலியை அறுக்கிறது." புராஜெக்ட் அறிக்கைகளில் இந்த முடிவு அடிக்கடி வருகிறது. தவறு.

தனி ரேடிக்கல் முறையில் (ஜோடியில்லாத எலக்ட்ரான் உள்ள முனையில் சங்கிலி வளரும் முறை; முதல் ரேடிக்கலைத் தருவது தொடக்கி) சங்கிலி நீளம், மோனோமர் செறிவுக்கு நேர்விகிதம், தொடக்கிச் செறிவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். தூய ஸ்டைரீன் லிட்டருக்கு 8.7 மோல். சம டொலுயீன் ஊற்றினால் 4.35. தொடக்கியின் எடையை மாற்றாமல் விட்டால் அதன் செறிவும் பாதியாகும். கணக்குப் போட்டால் நீளம் 1.41 மடங்கு குறைய வேண்டும். தொடக்கிச் செறிவைச் சமமாக வைத்திருந்தால் 2 மடங்கு. இவ்வளவும் நீர்த்ததால் வந்தது. டொலுயீன் அறுத்த பங்கு 290இல் ஒன்று.

உண்மையிலேயே இரண்டு கரைப்பான்களை ஒப்பிட வேண்டுமானால் மோனோமர் செறிவு, தொடக்கிச் செறிவு, வெப்பநிலை, மாற்ற விழுக்காடு (மோனோமரில் பாலிமராக மாறிய பங்கு) நான்கையும் சமமாக வையுங்கள். மாற்றத்தை 10 விழுக்காட்டுக்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் மோனோமர் செறிவே நகர்ந்துகொண்டிருக்கும்.

இந்த வழிகாட்டியின் அளவு: ஸ்டைரீன் 25 மி.லி. (22.6 கிராம், 0.217 மோல்), டொலுயீன் 25 மி.லி., ஏ.ஐ.பி.என். (அசோபிஸ்ஐசோபியூட்டிரோநைட்ரைல் என்ற தொடக்கி) 0.18 கிராம். தொடக்கி, மோனோமரில் 0.5 மோல் விழுக்காடு. 70 டிகிரி, 6 மணி நேரம். இந்த நிலையில் மாற்றம் 40 முதல் 50 விழுக்காட்டை ஒட்டியும், எண் சராசரி மூலக்கூறு எடை (மொத்த எடை ÷ சங்கிலிகளின் எண்ணிக்கை) 25,000 முதல் 30,000 வரையிலும் வருவதே கணக்குக்குப் பொருந்துவது. இதிலிருந்து வெகுதூரம் விலகினால் 5, 6, 7ஆம் படிகளைத் திரும்பப் பாருங்கள்.

4. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

மூன்று கழுத்து 250 மி.லி. குடுவை, கண்டென்சர், காந்தக் கலக்கி, எண்ணெய்த் தொட்டி, குடுவைக்குள் இறங்கும் வெப்பமானி, நைட்ரஜன் சிலிண்டர், நீண்ட ஊசி, பிரிபுனல், ஜி3 கண்ணாடி வடிகட்டி, மெத்தனால் (ஒரு முறை வீழ்த்த 500 மி.லி., கழுவத் தனி), ஐஸ்.

கண்டென்சருக்கு போர் தண்ணீரை நேராக விடாதீர்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் சில மாதங்களில் உள்சுவரில் வெள்ளைப் படிவு கட்டிவிடும். படிவு கட்டிய கண்டென்சர் பார்க்க ஓடும், ஆனால் ஆவியைப் பிடிக்காது. ஒரு வாளி நல்ல தண்ணீர், சிறு மோட்டார், வாளிக்குள் ஐஸ் பை. இந்த அளவுக்கு அது தாராளம். மோட்டாரை யூ.பி.எஸ்.ஸில் மாட்டுங்கள், ஹீட்டரை மாட்டாதீர்கள். கரண்ட் போனால் சூடு நின்று, குளிர்ச்சி தொடர வேண்டும்.

டொலுயீனின் தீப்பற்று வெப்பநிலை சுமார் 4 டிகிரி, மெத்தனாலுக்கு 11, ஸ்டைரீனுக்கு 31. சித்திரை வைகாசியில் ஈரோடு, கரூர் ஆய்வகங்களில் அறை வெப்பமே 31ஐத் தாண்டும். அப்போது ஸ்டைரீனும் திறந்த பெட்ரோலைப் போலத்தான். புகைப்போக்கி அறைக்குள் (ஃபியூம் ஹுட்) மட்டும் வேலை. மெல்லிய நைட்ரைல் கையுறையை டொலுயீன் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். மேலே பட்டால் உடனே மாற்றுங்கள். பிளாஸ்டிக் டம்ளர், துளிக்குழாய் வேண்டாம். அது பாலிஸ்டைரீனாக இருந்தால் அதுவும் கரைந்து உங்கள் விளைச்சலோடு சேரும்.

5. தடுப்பானை நீக்குதல்

கடையில் வாங்கும் ஸ்டைரீனில் 10 முதல் 15 பி.பி.எம். டி.பி.சி. (டெர்ஷியரி பியூட்டைல் கேட்டிகால்) என்ற தடுப்பான், கேனுக்குள்ளேயே பாலிமராகாமல் காக்க இருக்கும். அது வேலை செய்யக் கரைந்த ஆக்சிஜன் தேவை. வெயிலில் வேகமாகத் தீரும். லாரி ஷெட்டில் ஒரு வாரம் கிடந்த கேனை நம்பாதீர்கள். முதலில் சில துளிகளை மெத்தனாலில் விட்டுப் பாருங்கள். கலங்கினால் கேனுக்குள்ளேயே பாலிமர் உருவாகிவிட்டது.

பிரிபுனலில் 30 மி.லி. ஸ்டைரீனை எடுத்து, 10 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலால் 10 மி.லி. வீதம் மூன்று முறை கழுவுங்கள். கீழே இறங்கும் நீர்ப்பகுதி முதலில் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும், நிறமற்றதாகும் வரை தொடருங்கள். பிறகு கழுவிய நீர் லிட்மஸ் நிறத்தை மாற்றாத நிலை வரும் வரை வாலை வடிநீரால் கழுவுங்கள். ஓங்கிக் குலுக்கினால் பாலாகி நிற்கும். மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் கலக்குங்கள். பாலாகிவிட்டால் உப்புக்கரைசல் கொஞ்சம் சேர்த்தால் பிரியும். நீரற்ற சோடியம் சல்பேட்டில் அரைமணி நேரம் உலர்த்தி வடிகட்டுங்கள். கார அலுமினா நிரப்பிய சிறு குழாய் வழியாக விட்டாலும் போதும். நேரம் மிச்சம், செலவு கூடுதல்.

தடுப்பான் போன ஸ்டைரீனை அன்றே பயன்படுத்துங்கள். மறுநாள்தான் முடியும் என்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள். அலமாரியில் வைக்கக் கூடாது.

டொலுயீனை உலர்த்தச் சோடியம் கம்பியெல்லாம் வேண்டாம். ரேடிக்கல் முறைக்குத் துளி ஈரம் இடையூறு இல்லை. அதற்குச் செலவிடும் நேரத்தை ஆக்சிஜனை விரட்டச் செலவிடுங்கள்.

6. தொடக்கி: ஏன் ஏ.ஐ.பி.என்.

பென்சாயில் பெராக்சைடும் வேலை செய்யும். ஆனால் அது தானாக உடைவதோடு நிற்காமல், ரேடிக்கல் தாக்கியும் உடையும். அந்த வேகம் கரைப்பானைப் பொறுத்து மாறும். கரைப்பானின் பங்கைப் படிக்கும் சோதனையில் தொடக்கியே கரைப்பானுக்கு ஏற்ப மாறினால் முடிவைப் படிக்க முடியாது. ஏ.ஐ.பி.என். உடையும் வேகம் கரைப்பானுக்குக் கரைப்பான் அதிகம் மாறாது. 65 டிகிரியில் அதன் அரைவாழ்வு சுமார் 10 மணி, 82 டிகிரியில் சுமார் 1 மணி. இதனால்தான் 70ஐத் தேர்ந்தோம். 90க்கு ஏற்றினால் தொடக்கியின் பெரும்பகுதி முதல் மணியிலேயே தீர்ந்து, மோனோமர் மீந்து நிற்கும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த புட்டியை அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறவுங்கள். ஐப்பசி மழைநாளில் குளிர்ந்த தூள்மேல் நீர் கோத்துக்கொள்ளும், எடை பொய்யாகும். உடையும்போது நைட்ரஜன் வருவதால் குடுவையை இறுக மூடி வைக்கக் கூடாது. டெட்ராமெத்தில் சக்சினோநைட்ரைல் என்ற நச்சு உபபொருளும் உண்டாகும். பாலிமரை மெத்தனாலில் நன்றாகக் கழுவச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

7. ஆக்சிஜனை வெளியேற்றுதல்: வரிசை முக்கியம்

ஸ்டைரீனையும் 20 மி.லி. டொலுயீனையும் குடுவையில் ஊற்றி, ஐஸ் தொட்டியில் வைத்து, ஊசியைத் திரவத்தின் அடிவரை இறக்கி நைட்ரஜனை 30 நிமிடம் குமிழ விடுங்கள். ஏ.ஐ.பி.என்.ஐ மீதி 5 மி.லி. டொலுயீனில் தனியே கரைத்து, அதிலும் 10 நிமிடம் குமிழ விடுங்கள். ஐஸ் எதற்கென்றால், வெப்பமான அறையில் குமிழ்விட்டால் ஸ்டைரீனும் டொலுயீனும் வாயுவோடு போய்ச் செறிவு மாறிவிடும்.

ஊசியைத் திரவத்துக்கு மேலே நிறுத்தி வாயு விடுவது பொதுவான பிழை. கரைந்த ஆக்சிஜன் அப்படியே இருக்கும். ரேடிக்கல்கள் முதலில் அதோடு சேர்ந்து பெராக்சைடு அலகுகளாகும். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு குடுவையைத் திறந்தால் வாதுமை வாசம் வரும். அது பெராக்சைடு உடைந்து வந்த பென்சால்டிஹைடு.

8. வினை

குடுவையை 70 டிகிரிக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்திய பின்பே தொடக்கிக் கரைசலை ஊசியால் செலுத்துங்கள். அந்த நொடிதான் நேரம் பூஜ்யம். எல்லாவற்றையும் குளிரில் கலந்து பிறகு சூடேற்றினால் தொடக்க நேரம் எது என்று சொல்ல முடியாது.

வெப்பமானி திரவத்துக்குள் இருக்கட்டும். எண்ணெய் 70 காட்டும்போது உள்ளே 76 இருக்கலாம். 3 டிகிரிக்கு மேல் ஏறினால் எண்ணெய்த் தொட்டியை இறக்கிவிடுங்கள்.

மணிக்கொரு முறை 1 மி.லி. எடுத்து, சிட்டிகை ஹைட்ரோகுவினோன் கலந்த 10 மி.லி. குளிர் மெத்தனாலில் விட்டு, வடிகட்டி, உலர்த்தி எடை பாருங்கள். (தொடக்க மோனோமர் ÷ மீந்த மோனோமர்) விகிதத்தின் மடக்கையை நேரத்துக்கு எதிரே வரைந்தால் தொடக்கத்தில் நேர்கோடு வரும். போகப் போகக் கீழே சாய்ந்தால் தொடக்கி தீர்கிறது. மேலே வளைந்தால் ஜெல் விளைவு, டொலுயீன் போதவில்லை.

9. மெத்தனாலில் வீழ்படிவாக்குதல்

நல்ல வினையும் கெட்டுப்போகும் இடம் இது. குடுவையை ஐஸில் குளிர்வித்து, 25 மி.லி. டொலுயீன் சேர்த்து நீர்க்க வையுங்கள். கலவையைப் போல் சுமார் ஏழு மடங்கு, அதாவது 500 மி.லி. மெத்தனாலை 5 முதல் 10 டிகிரிக்குக் குளிர வைத்து, வேகமாகக் கலக்கிக்கொண்டே பாலிமர் கரைசலைத் துளித்துளியாக விடுங்கள்.

பாலிமர் கரைசலில் மெத்தனாலை ஊற்றுவது தலைகீழ். முதலில் விழும் பாலிமர் டொலுயீன் நிறைந்த திரவத்தில் ஊறிப் பிசினாகத் திரண்டு, மோனோமரையும் கரைப்பானையும் உள்ளே பூட்டிக்கொள்ளும். துளியாக விட்டால் ஒவ்வொரு துளியும் மெத்தனால் சூழ உடனே வெளுத்து உதிரும்.

சரியாகச் செய்தும் பிசினாக வந்தால் வெப்பநிலையைப் பாருங்கள். டொலுயீன் ஊறிய பாலிஸ்டைரீனின் கண்ணாடி நிலை வெப்பம் (கண்ணாடிபோல் இறுகிய பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலை) அறை வெப்பத்துக்கும் கீழே போய்விடும். மார்கழியில் தூளாக வந்த அதே செய்முறை, மே மாதம் 36 டிகிரி மெத்தனாலில் சூயிங்கம் ஆவது அதனால்தான்.

வடிகட்டி, புது மெத்தனாலில் கழுவி, மீண்டும் 50 மி.லி. டொலுயீனில் கரைத்து இன்னொரு முறை வீழ்த்துங்கள். வடிந்த மெத்தனால் கலவையைக் கழுவு தொட்டியில் கொட்டாதீர்கள். மூடிய கேனில் சேர்த்து, அனுமதி பெற்ற கழிவு கையாளுபவரிடம் கொடுங்கள்.

10. உலர்த்துதல்

வெற்றிட அடுப்பில் 50 முதல் 60 டிகிரி, எடை மாறாமல் நிலைக்கும் வரை. அவசரத்தில் 110இல் வைத்தால் தூள் உருகி மேலே தோல் கட்டும், உள்ளே இருக்கும் டொலுயீன் நுரைத்து நிற்கும். டி.எஸ்.சி.யில் (சூடேற்றி வெப்ப மாற்றத்தை அளக்கும் கருவி) கண்ணாடி நிலை வெப்பம் 95 முதல் 100க்குப் பதிலாக 80களில் வந்தால் பாலிமரைக் குறை சொல்லாதீர்கள். கரைப்பான் மீந்திருக்கிறது.

11. மூலக்கூறு எடை: இங்கும் கரைப்பான்தான்

உபலோடே (Ubbelohde) விஸ்கோமீட்டரில், அதாவது கரைசலின் பாகுத்தன்மையை அளக்கும் கண்ணாடிக் குழாயில், டொலுயீன், 25 டிகிரி. பாகுத்தன்மையிலிருந்து மூலக்கூறு எடையைக் கணக்கிடும் மார்க்–ஹூவிங்க் மாறிலிகளாக கே = 0.017 மி.லி./கிராம், ஏ = 0.69 எடுக்கலாம். கோடையில் 35 டிகிரி அறையில் வெறும் ஹீட்டர் தொட்டி 25இல் நிற்காது. குளிர்விப்பான் வேண்டும். இல்லாவிட்டால் 30 டிகிரியில் அளந்து, 30 டிகிரிக்கான மாறிலிகளையே போடுங்கள். 25க்கான எண்ணை அங்கே போட்டால் விடை வரும், தவறாக வரும்.

சைக்ளோஹெக்சேனில் 34.5 டிகிரி தீட்டா நிலை, அதாவது கரைப்பான் சங்கிலியை விரிக்கவும் செய்யாத, சுருக்கவும் செய்யாத நிலை. அங்கே ஏ சரியாக 0.5. சங்கிலி டொலுயீனில் விரிந்து கிடக்கும், இங்கே அதைவிடச் சிறிதாகக் கிடக்கும். மூலக்கூறு எடை சில லட்சங்களைத் தாண்டினால், வெளியே தெளிவாக இருந்த கரைசல் ஏ.சி. அறைக்குள் கொண்டுவந்ததும் கலங்கும். அசுத்தம் என்று கொட்டிவிடாதீர்கள், சூடாக்கினால் தெளியும்.

12. முறை மாறினால் கரைப்பானின் விதியும் மாறும்

பியூட்டைல் லித்தியம் வைத்துச் செய்யும் எதிரயனி முறையில் (ரேடிக்கலுக்குப் பதில் எதிர் மின்சுமையுள்ள முனையில் சங்கிலி வளரும் முறை) மேலே சொன்ன சலுகை எதுவும் செல்லாது. ஈரம், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு ஒவ்வொன்றும் சங்கிலியைக் கொல்லும். டெட்ராஹைட்ரோஃபியூரான் லித்தியத்தைச் சூழ்ந்து அயனியைப் பிரிப்பதால் வினை மிக வேகம், ஆகவே மைனஸ் 78 டிகிரி. அறை வெப்பத்தில் பியூட்டைல் லித்தியம் அந்தக் கரைப்பானையே தின்னும். சைக்ளோஹெக்சேனில் சங்கிலி முனைகள் ஒன்றோடொன்று திரண்டிருப்பதால் மெதுவாக ஓடும். 40, 50 டிகிரியில் செய்யலாம். குளோரின் உள்ள கரைப்பானை இதன் பக்கமே கொண்டுவராதீர்கள். வெடிக்கும்.

திருப்பூர் பிக்மென்ட் பிரிண்டிங்கில் போகும் ஸ்டைரீன்–அக்ரிலிக் பைண்டர் குழம்பு (எமல்ஷன்) முறையில் வருவது. அங்கே தண்ணீர் கரைப்பானே அல்ல, சூட்டை வாங்கும் ஊடகம் மட்டும். வினை சோப்பு சூழ்ந்த நுண்துகள்களுக்குள் நடக்கிறது. போர் தண்ணீரில் செய்தால் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, குழம்பு மணல்மணலாகத் திரியும். பிரிண்டிங் திரையில் அந்த மணல் அடைத்துக்கொள்ளும். அயனி நீக்கிய தண்ணீர் தவிர வேறு வழியில்லை.

எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை சேர்த்த பிளாஸ்டிக்) பட்டறையில் பாலியஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் கரைப்பானாகவும் மோனோமராகவும் ஒரே நேரத்தில் நிற்கிறது. ரெசின் கெட்டியாக இருக்கிறது என்று அதில் தின்னரோ அசிட்டோனோ ஊற்றினால், அது வினையில் சேராமல் உள்ளேயே தங்கி, பொருள் மெத்தென்று நிற்கும். நீர்க்க வேண்டுமானால் ஸ்டைரீனையே, ரெசின் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குள் சேர்க்க வேண்டும்.